மீன் போனது யாரால், ஒயின் வந்தது யாரால்?

கேள்வி இதுதான்: “தங்கள் மீன்பிடித் தொழிலை ஐரோப்பிய ஒன்றியம் அழித்துவிட்டது என்ற கோபத்தில்தான் பிரிட்டனின் துறைமுக ஊர்கள் 2016இல் வெளியேறுவதற்கு வாக்களித்தன என்கிறார்கள். அதே நாட்டு மக்கள் பிரெஞ்சு ஒயினையும் இத்தாலிய ஒயினையும் விடாமல் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஐரோப்பா வேண்டுமா, வேண்டாமா?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் தொழில் சரிந்ததில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் அது முதன்மையான பங்கு கிடையாது. நல்ல ஒயின் மலிவான விலையில் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்ந்ததில் ஒன்றியத்தின் பங்கு மிகப் பெரியது. முதலாவதற்கான பழி முழுவதும் ஒன்றியத்தின் தலையில் விழுந்தது. இரண்டாவதை யாரும் ஒன்றியத்தின் கணக்கில் வரவு வைக்கவே இல்லை. இரண்டு கதைகளிலும் லண்டனில் உட்கார்ந்தவர்கள் எடுத்த முடிவுகள்தான் அதிகம் பேசப்படாமல் போயின. பிரிட்டனின் ஐரோப்பிய மனநிலையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்குப் பிசகைப் பார்த்தாலே போதும் என்று நினைக்கிறேன்.

மீனிலிருந்து தொடங்குவோம். பிரிட்டனின் கடல் எப்போது காலியாகத் தொடங்கியது என்று கேட்டால், பலரும் அந்நாடு ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த 1973ஐச் சொல்வார்கள். உண்மையில் அது நூறு ஆண்டு முந்தைய கதை. 1880களில் நீராவி இழுவைக் கப்பல்கள் வந்தன. காற்றையும் நீரோட்டத்தையும் நம்பியிருந்த பாய்மரப் படகுகளால் போக முடியாத இடங்களுக்கு அவை போயின. ‘மடி’ எனப்படும் கனமான இழுவை வலைகளைக் கடலின் அடித்தளத்தில் இழுத்துச் சென்றன. யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1889 முதல் 2007 வரையிலான அரசுப் பதிவேடுகளைத் திரட்டி 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கப்பல்களின் மீன்பிடித் திறன் எவ்வளவு கூடியது என்பதையும் கணக்கில் எடுத்து, ஓர் அலகு திறனுக்குக் கரைக்கு வந்த அடித்தள மீனின் அளவைக் கணித்தார்கள். அந்த 118 ஆண்டுகளில் அது 94 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தப் பிடிப்பு உச்சத்தைத் தொட்டது 1938இல். ஒன்றியத்தின் மீன்பிடிக் கொள்கை முழு வடிவம் பெற்ற 1983இல், சரிவின் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது.

அப்படியானால் 1950களில் கிரிம்ஸ்பி உலகின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகமாக எப்படி இருந்தது? சொந்தக் கடலில் மீன் குறைந்ததும், ஹல், கிரிம்ஸ்பி, ஃபிளீட்வுட் ஆகிய துறைமுகங்களின் பெரிய கப்பல்கள் ஐஸ்லாந்துக்கும் பேரன்ட்ஸ் கடலுக்கும் போயின. பிரிட்டனின் புகழ்பெற்ற ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ தட்டில் விழுந்த காட் மீன் பெரும்பாலும் அந்தத் தொலைதூரக் கடல்களிலிருந்து வந்ததுதான். மூன்று வாரப் பயணம், பனி உறைந்த மேல்தளம், பதினெட்டு மணி நேர வேலை. 1968 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செயின்ட் ரொமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லாண்ட் என்ற மூன்று ஹல் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் இறந்தார்கள். ஹல்லில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்த ஹெஸில் சாலையைச் சேர்ந்த லில்லியன் பிலோக்கா என்ற பெண், மற்றப் பெண்களைத் திரட்டி, ஒவ்வொரு கப்பலிலும் வானொலி இயக்குபவர் இருக்க வேண்டும் என்று போராடினார். லண்டன் சென்று அமைச்சர்களைச் சந்தித்தார். பாதுகாப்பு விதிகள் மாறின. அவருக்கோ அதன் பிறகு அந்தத் துறையில் வேலை கிடைக்கவில்லை, மிரட்டல் கடிதங்கள்தான் வந்தன. கப்பல் முதலாளிகள் மீனவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி. இழப்பைப் பற்றிப் பேசும்போது அந்தத் தொழிலைப் பொற்காலமாக வரைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தத் துறைமுகங்களை வீழ்த்தியது ஐஸ்லாந்து. மீனைத் தவிர வேறு வருவாய் அதிகம் இல்லாத, அன்று இரண்டேகால் லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவு, தன் மீன்பிடி எல்லையை 1952இல் 4 கடல்மைலாகவும், 1958இல் 12 ஆகவும், 1972இல் 50 ஆகவும், 1975இல் 200 ஆகவும் விரித்தது. ஒவ்வொரு முறையும் பிரிட்டன் எதிர்த்தது. 1958இல் தொடங்கி மூன்று முறை போர்க்கப்பல்களையே அனுப்பியது. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் படை, இழுத்துச் செல்லும் மடியின் கம்பி வடத்தையே அறுத்துவிடும் கருவியை உருவாக்கியது. மடியும் அதிலிருந்த மீனும் கடலோடு போயின. கப்பல்கள் ஒன்றை ஒன்று மோதின. ‘காட் போர்கள்’ என்று பெயர் பெற்ற இந்தச் சச்சரவின் நடுவே, 1974இல் சர்வதேச நீதிமன்றம் 50 மைல் எல்லை விவகாரத்தில் பிரிட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்து அதைப் பொருட்படுத்தவில்லை. கெஃப்லாவிக் நேட்டோ தளத்தை மூடிவிடுவதாக மிரட்டியது, அமெரிக்கா பதறியது. 1976 ஜூன் 1 அன்று பிரிட்டன் இறங்கி வந்தது. 200 மைல் எல்லைக்குள் ஒரே நேரத்தில் 24 கப்பல்கள், அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு மாதம் முடிந்ததும் அதுவும் இல்லை.

பிரிட்டனின் சார்பில் அந்த ஒப்பந்தத்தைச் செய்த வெளியுறவு அமைச்சர் அந்தோனி கிராஸ்லண்ட். அவர் எந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் தெரியுமா? கிரிம்ஸ்பி. தன்னைத் தேர்ந்தெடுத்த ஊரின் தொழிலை முடித்துவைக்கும் கையெழுத்து அவர் கையாலேயே விழுந்தது. வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த நிகழ்வில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் பிரிட்டன் வாதிட்டது எதற்காக? கரையோர நாடு தன் கடலை மூடக் கூடாது, அங்கே காலங்காலமாக மீன் பிடித்துவந்த பிற நாட்டவருக்கு உரிமை உண்டு என்பதற்காக. நாற்பது ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் கடலில் பிரெஞ்சு, டச்சு, டேனிஷ் படகுகள் அதே வாதத்தை முன்வைத்தபோது, ‘இது எங்கள் கடல்’ என்ற குரல் எழுந்தது. இரண்டு வாதங்களிலும் நியாயம் உண்டு. ஆனால் முதல் வாதத்தைத் தாங்களே உரக்கப் பேசிய காலம் பொது நினைவிலிருந்து அழிந்துபோய்விட்டது.

வேலை இழந்த ஹல் மீனவர்களுக்கு என்ன நேர்ந்தது? அவர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக அமர்த்தப்பட்ட தற்காலிகத் தொழிலாளர்கள் என்று சட்டம் கருதியது. எனவே ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. முதலாளிகள் கப்பல்களை விற்றுப் பணம் பார்த்தார்கள். ஐஸ்லாந்துக் கடலில் உழைத்தவர்களுக்கு முறையான இழப்பீட்டுத் திட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது: பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,000 பவுண்டு, அதிகபட்சம் 20,000 பவுண்டு. கால் நூற்றாண்டு காத்திருப்பு. அதற்குள் எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள். அந்தத் தாமதம் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸின் தாமதம் இல்லை.

இனி ஒன்றியத்தின் பங்குக்கு வருவோம். அதைக் குறைத்துச் சொல்லவும் நான் விரும்பவில்லை. 1970 ஜூன் 30 அன்று பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகளுடன் உறுப்பினர் பேச்சு தொடங்கியது. அதே நாளில் அன்றைய ஆறு உறுப்பு நாடுகளும் அவசரமாக ஒரு விதியை ஏற்றுக்கொண்டன: உறுப்பு நாடுகளின் கடலில் எல்லா உறுப்பினர்களுக்கும் சம உரிமை. மீன் வளம் மிக்க நான்கு நாடுகள் உள்ளே வரும்முன் கதவில் போட்ட பூட்டு அது. நியாயமற்ற செயல் என்றே நான் கருதுகிறேன். நார்வே மக்கள் 1972இல் வாக்கெடுப்பு நடத்தி, வெளியே நின்றுகொண்டார்கள். மீனவர்களின் எதிர்ப்பு அதில் முக்கியக் காரணம். பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசோ, கரையோரத்தில் ஆறு மைல், சில இடங்களில் பன்னிரண்டு மைல் என்ற தற்காலிகப் பாதுகாப்போடு இணங்கியது. பரந்த தேசிய நலனை வைத்துப் பார்த்தால் மீனவர்களை விட்டுக்கொடுக்கலாம் என்ற பொருளில் 1970இல் ஸ்காட்லாந்து அமைச்சக அதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு, முப்பது ஆண்டுகள் கழித்து ஆவணங்கள் திறக்கப்பட்டபோது வெளியே வந்தது. மீனவக் குடும்பங்கள் இன்றும் அதை மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மீனினத்திலும் எவ்வளவு பிடிக்கலாம், அதில் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்ற ஒதுக்கீட்டு முறை 1983இல் வந்தது. 1973 முதல் 1978 வரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது அதன் முக்கிய அடிப்படை. ஆங்கிலக் கால்வாயில் பிரெஞ்சுப் படகுகள் அதிகம் பிடித்திருந்தன. ஆகவே அங்குள்ள காட் மீனில் பிரான்ஸுக்கு 84 சதவீதம், பிரிட்டனுக்கு 9 சதவீதம் என்று பங்கு உறைந்துபோனது. டோவர் கரையில் நின்று பார்க்கும் மீனவனுக்கு இந்த எண் எப்படி இருந்திருக்கும்? 2015இல் பிற உறுப்பு நாட்டுப் படகுகள் பிரிட்டனின் கடலில் 6,83,000 டன் பிடித்தன. பிரிட்டன் படகுகள் பிற நாடுகளின் கடலில் பிடித்தது 1,11,000 டன். ஒதுக்கீடு தீர்ந்த இனத்து மீன் வலையில் ஏறினால், செத்த மீனைத் திரும்பக் கடலில் கொட்ட வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையை நிறுத்தும் விதி 2015 முதல் 2019 வரை படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும், டிசம்பர் மாதந்தோறும் விடிய விடியப் பேரம் பேசிய மீன்வள அமைச்சர்கள், விஞ்ஞானிகள் சொன்ன அளவைவிடக் கூடுதலாகப் பிடிக்கவே பலமுறை அனுமதித்தார்கள். பிரிட்டன் அமைச்சர்களும் அந்த மேசையில் இருந்தவர்கள்தான்.

ஸ்பெயின் நிறுவனங்கள் பிரிட்டனில் படகுகளைப் பதிந்து அந்நாட்டு ஒதுக்கீட்டைப் பிடித்தது இன்னொரு புண். அதைத் தடுக்க 1988இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. ‘ஃபேக்டர்டேம்’ என்று அறியப்படும் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே 1990இல் அந்தச் சட்டத்தை ஒதுக்கிவைத்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சட்டத்தை ஐரோப்பியச் சட்டம் வெல்லும் என்பது பொதுமக்களுக்கு உறைத்தது அப்போதுதான். மீன் அங்கே மீனாக இருப்பதை நிறுத்திவிட்டு இறையாண்மையின் அடையாளமாக மாறியது. 2016 ஜூனில் வெளியேறும் பிரசாரத்தில் நைஜல் ஃபராஜ் மீன்பிடிப் படகுகளின் அணிவகுப்போடு தேம்ஸ் நதியில் வந்ததும் அதன் தொடர்ச்சிதான். ஆனாலும் ஸ்பெயின்காரர்கள் அந்த உரிமங்களைக் களவாடவில்லை. பிரிட்டன் மீனவர்கள் விற்றார்கள், அவர்கள் வாங்கினார்கள்.

இங்கேதான் நான் மிகவும் வருந்தும் இடம் வருகிறது. நாட்டுக்குக் கிடைத்த ஒதுக்கீட்டை உள்ளூரில் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பது முழுக்க முழுக்க அந்தந்த அரசின் அதிகாரம். 1990களின் நடுவில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற பதிவை வைத்து பிரிட்டன் நிலையான பங்குகளை உருவாக்கியது. அவை சொத்துபோல் கைமாறின, சில கைகளில் குவிந்தன. பத்து மீட்டருக்குக் குறைந்த சிறு படகுகளின் பிடிப்பு அக்காலத்தில் சரியாகப் பதிவாகவே இல்லை. விளைவு, எண்ணிக்கையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருக்கும் சிறு படகுகளுக்கு ஒதுக்கீட்டில் மிகச் சிறிய துண்டு. 2018இல் வெளியான ஒரு புலனாய்வு, பிரிட்டனின் ஒதுக்கீட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஐந்து பெரும் செல்வக் குடும்பங்களின் கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டியது. இங்கிலாந்தின் ஒதுக்கீட்டில் ஏறக்குறைய 23 சதவீதம் டச்சு உடைமையிலுள்ள ஒரே கப்பலிடம் இருந்தது. இதில் எதையும் பிரஸ்ஸல்ஸ் கட்டளையிடவில்லை. படகில் வேலை செய்பவர்களையும் பாருங்கள்: பிலிப்பைன்ஸ், கானா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறுவதற்கான இடைவழி விசாவில் வந்து, கரையில் குடியேறும் உரிமை இல்லாமல், பிரிட்டனின் மீனைப் பிடிக்கிறார்கள் பலர். ‘நம் மீனவர்கள்’ என்று அரசியல்வாதிகள் முழங்கும்போது இவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

இன்னொன்று. பிரிட்டன் மக்கள் தாங்கள் பிடிக்கும் மீனை உண்பதில்லை. அவர்கள் கேட்பது காட், ஹேடாக், சால்மன், டூனா, இறால். இவற்றில் பெரும்பகுதி இறக்குமதி. கிரிம்ஸ்பி இன்றும் மீன் ஊர்தான், ஆனால் அங்கே பதப்படுத்தப்படும் மீன் முக்கியமாக ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருகிறது. பிரிட்டன் படகுகள் பிடிக்கும் நண்டு, லாங்கஸ்டீன், ஸ்காலப், ஹேக், மெக்ரிம் எல்லாம் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் போகின்றன. 2021இல் ஏற்றுமதி தடுமாறியபோது, கார்ன்வால் மீனவர்கள் மெக்ரிம் மீனுக்குக் ‘கார்னிஷ் சோல்’ என்று புதுப்பெயர் சூட்டி உள்நாட்டில் விற்க முயன்றார்கள். தன் கரையில் கிடைப்பதைத் தின்னப் பழகாத நாட்டில், கடலின் மீதான உரிமை கிடைத்தாலும் சந்தை அக்கரையில்தான் இருக்கும். வெளியேறியபின் வேல்ஸின் மெனாய் நீரிணைச் சிப்பி வளர்ப்போருக்கு நேர்ந்தது இதுதான். உயிருள்ள சிப்பிகளை நெதர்லாந்துக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். சுத்திகரிக்காத சிப்பியை வெளிநாடுகளிடமிருந்து ஒன்றியம் வாங்காது என்ற விதி முன்பே இருந்தது; 2021 ஜனவரியில் அவர்களே வெளிநாட்டவர் ஆனார்கள்.

இப்போது ஒயின். நான்கு இடங்களில் மட்டும் நிற்கிறேன்.

முதலாவது, அக்விடேனின் எலினோரை இரண்டாம் ஹென்றி மணந்த 1152. ஹென்றி இங்கிலாந்தின் அரசரானதும் பிரான்ஸின் போர்தோ பகுதி ஆங்கில அரசின் கீழ் வந்தது; 1453இல் காஸ்தியோன் போரில் தோற்கும்வரை முந்நூறு ஆண்டுகள் அப்படியே இருந்தது. 1308-09இல் போர்தோவிலிருந்து சுமார் 900 லிட்டர் கொள்ளும் பெரும் பீப்பாய்கள் ஒரு லட்சத்துக்கு மேல் ஏற்றுமதியாயின. அதில் பெரும் பங்கு இங்கிலாந்துக்கு. ‘கிளாரெட்’ என்று அவர்கள் இன்றும் அழைக்கும் போர்தோ சிவப்பு ஒயின் மீதான பற்று அப்போது பிறந்தது.

இரண்டாவது, 1703இன் மெத்யூன் ஒப்பந்தம். பிரான்ஸுடன் போர் நடந்துகொண்டிருந்தது. போர்ச்சுகல் ஆங்கிலக் கம்பளித் துணியை ஏற்கும். பதிலுக்கு அதன் ஒயினுக்கு பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கிலேயர்கள் ‘போர்ட்’ என்ற போர்ச்சுகல் ஒயினைக் குடித்தார்கள். போர்ட்டோ நகரின் ஆற்றெதிரே காயாவில் இருக்கும் கிடங்குகளில் டெய்லர், கிராஃப்ட், சாண்டமன் என்று ஆங்கிலேய, ஸ்காட்லாந்துப் பெயர்களே இன்றும் தெரிகின்றன. மீனும் ஒயினும் ஒரே கப்பலில் பயணித்த வரலாறும் இங்கே உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் டார்ட்மத் போன்ற தென்மேற்குத் துறைமுகங்களின் வணிகம் நியூஃபவுண்ட்லாந்தில் உப்பிட்ட காட் மீனை போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் இறக்கி, அங்கிருந்து ஒயினை ஏற்றி ஊர் திரும்பியது. கத்தோலிக்க நாடுகளின் விரத நாட்களுக்கு மீன், இங்கிலாந்தின் மேசைக்கு ஒயின். ஐரோப்பா இல்லாமல் பிரிட்டனின் மீன் தொழில் என்றுமே நடக்கவில்லை.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிக முக்கியம். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1860இல் பிரான்ஸுடன் செய்த வணிக ஒப்பந்தத்தை ஒட்டி வரியைக் குறைத்தார், அடுத்த ஆண்டே மளிகைக் கடையில் ஒயின் விற்க வழிசெய்தார். அப்படியும் இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் ஒயின் வசதியானவர்களின் பானமாகவே இருந்தது. உழைக்கும் மக்களுக்கு பீர். காரணம் ருசி மட்டுமா? வரியும்தான். பீரைவிட ஒயினுக்கு மிகக் கடுமையான வரி இருந்தது. உள்நாட்டு பீரைக் காக்க வெளிநாட்டு ஒயினைத் தண்டிக்கிறார்கள் என்று ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1983 ஜூலை 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1984 நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நைஜல் லாசன் ஒயின் பாட்டிலுக்கு ஏறத்தாழ 18 பென்ஸ் குறைத்தார், பீர் பைண்டுக்கு 2 பென்ஸ் கூட்டினார். பேரங்காடிகள் ஒயினை வரிசை வரிசையாக அடுக்கின. 1970களில் ‘புளூ நன்’, ‘மட்டேயூஸ் ரோஸே’ பாட்டில்களோடு தயங்கித் தயங்கித் தொடங்கிய பழக்கம் வாரநாள் இரவு உணவுக்கும் வந்துவிட்டது. சாதாரணக் குடும்பத்தின் வாழ்வில் ஒன்றியம் கொண்டுவந்த இவ்வளவு நேரடியான மாற்றம் வேறு அதிகம் இல்லை. ஆயினும் அந்த வழக்கின் பெயர் எந்த வாக்காளருக்கும் தெரியாது. ஃபேக்டர்டேம் பெயர் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

நான்காவது, 1993 ஜனவரி 1. ஒற்றைச் சந்தை பிறந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு 90 லிட்டர் ஒயின்வரை கேள்வியில்லாமல் கொண்டுவரலாம் என்பது வழிகாட்டு அளவு. கால்வாயின் அக்கரையிலுள்ள பிரான்ஸின் கலே நகருக்குக் காரிலும் வேனிலும் போய்ப் பெட்டி பெட்டியாக ஏற்றிவந்தார்கள். பிரிட்டன் பேரங்காடிகளே கலேயில் கடை திறந்தன. அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலிய ஒயின் வந்து சந்தையைப் பிடித்ததையும் சொல்ல வேண்டும். திராட்சை வகையைப் பெரிய எழுத்தில் போட்டு, புரியும் மொழியில் விற்றது அவர்களின் வெற்றி. எனவே பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒயினை ஐரோப்பியப் பற்றினால் வாங்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கு அது ஒரு நல்ல பொருள். போர்வந்தால் போர்ச்சுகலுக்குப் போனார்கள், விலை குறைந்தால் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், பிறகு இத்தாலியின் புரொசெக்கோவுக்கு வந்தார்கள்.

கேள்வியின் மையத்துக்கு இப்போது நேராக வர முடியும். வெறுப்பா விருப்பா என்று கேட்டால், பெரும்பான்மையினரிடம் இரண்டும் இல்லை என்பேன். சந்தையாக ஐரோப்பாவை அவர்கள் எப்போதும் ஏற்றுக்கொண்டார்கள். தங்களை ஆளும் அமைப்பாக ஏற்க மனம் ஒப்பவில்லை. 1975 வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் தொடர்ந்து இருக்கச் சொன்னார்கள், 2016இல் 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். மீன் ஊர்களின் வாக்கை மட்டும் பிரித்துப் பாருங்கள், ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1975இல் நாட்டிலேயே இரண்டு பகுதிகள்தான் ‘வேண்டாம்’ என்றன: ஷெட்லாண்ட், மேற்குத் தீவுகள். இரண்டும் ஸ்காட்லாந்தின் மீனவத் தீவுகள். ஐஸ்லாந்துக் கடல் இன்னும் முழுதாக மூடப்படாத அந்த ஆண்டில், ஹல்லும் கிரிம்ஸ்பியும் அடங்கிய ஹம்பர்சைடு ‘வேண்டும்’ என்றது. 2016இல் நிலை தலைகீழ். ஷெட்லாண்டும் மேற்குத் தீவுகளும் இருக்க விரும்பின. கிரிம்ஸ்பியை உள்ளடக்கிய வடகிழக்கு லிங்கன்ஷயரில் 69.9 சதவீதமும் ஹல்லில் 67.6 சதவீதமும் வெளியேற வாக்களித்தன. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் ஹம்பர் கரையில் நடந்தது மீன் இழப்பு மட்டுமில்லை. வேலை போனது, அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. அந்த மக்களின் கோபம் முற்றிலும் நேர்மையானது. அது போய்ச் சேர்ந்த விலாசம்தான் பாதி தவறு.

மீனின் இழப்பு ஹெஸில் சாலையின் ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவின் பெயரோடும் கப்பலின் பெயரோடும் இருக்கிறது. ஒயின் மலிவானதன் பயனோ லட்சக்கணக்கான வீடுகளில் சில பென்ஸ்களாகப் பரவியது. சில பென்ஸ் மிச்சமானதற்காக எவரும் ஊர்வலம் போவதில்லை. வெளியேறுவதை எதிர்த்தவர்கள், மீன் பிடித்தல் மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதம்கூட இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்குச் சரிதான். ஆனால் 1970ஆம் ஆண்டின் அந்த அதிகாரியும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருந்தார். விட்டுக்கொடுக்கப்பட்டவர்களிடம் போய், நீங்கள் விட்டுக்கொடுக்கத் தக்கவர்கள் என்று மறுபடி சொல்வது என்ன அரசியல்?

வெளியேறியபின் கிடைத்தது என்ன என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2020 டிசம்பர் 24 ஒப்பந்தப்படி, பிரிட்டன் கடலில் ஒன்றியப் படகுகளுக்கு இருந்த ஒதுக்கீட்டின் மதிப்பில் 25 சதவீதம் படிப்படியாகப் பிரிட்டனுக்கு வந்தது. அதில் பெரும்பகுதி மேக்கரல், ஹெர்ரிங் போன்ற கூட்டமீன். ஸ்காட்லாந்தின் பெரும் கப்பல்களுக்குப் பயன், கரையோரச் சிறு படகுகளுக்கு அதிகம் இல்லை. நார்வேயுடன் 2021இல் உடன்பாடு எட்டாததால், ஹல்லின் தொலைதூரக் கப்பலான கிர்கெல்லா துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. 2025 மே மாதத்தில், ஒன்றியப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கும் உரிமை 2038 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டது. பதிலுக்கு உணவுப் பொருட்களின் எல்லைச் சோதனைகளைக் குறைக்க இசைவு. மீனவர் அமைப்புகள் இதை இரண்டாவது துரோகம் என்றன. மெனாய்ச் சிப்பிக்காரரும் நண்டு ஏற்றுமதியாளரும் அதை வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

ஒயினிலோ, ஆல்கஹால் அளவுக்கேற்ப வரி விதிக்கும் சுதந்திரம் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் 12.5 சதவீத ஒயின் பாட்டிலின் வரி 2.23 பவுண்டிலிருந்து 2.67 பவுண்டானது. மறுபக்கம் கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களின் சுண்ணாம்பு மண்ணில் ஆங்கிலேய நுரை ஒயின் உண்மையாகவே தலையெடுத்திருக்கிறது. வெப்பம் கூடிய காலநிலை அதற்கு உதவுகிறது. ஷாம்பெயினின் தைத்தாங்கே நிறுவனமே 2015இல் கென்ட்டில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டது.

மீனுக்கு இன்னும் வழி இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கிறது. ஒதுக்கீட்டைப் பிரிக்கும்போது சுற்றுச்சூழல், சமூகம், உள்ளூர்ப் பொருளாதாரம் ஆகியவற்றை வெளிப்படையான அளவுகோல்களாகக் கொள்ள வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு பிரிட்டன் மீன்வளச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அதை முழு மனத்தோடு நடைமுறைப்படுத்தினால் சிறு படகுகளுக்கு நியாயமான பங்கு கிடைக்கும். அதற்கு பிரஸ்ஸல்ஸின் அனுமதி தேவையில்லை. ஒன்றியத்தில் இருந்த நாட்களிலும் தேவைப்படவில்லை.